பாதி முகம்

இறந்துபோன ஒரு குழந்தையின் படத்தை இன்டர்நெட்டில் போடலாமா, கூடாதா?

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை. ஹோம்புஷ் ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு கம்யூனிட்டி ஹால். அதன் பின்னறையில் ஐந்தாறு பேர் உட்கார்ந்து இந்தக் கேள்விக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். அவர்களில் ஒருத்தி நான்.

வழக்கமாக இந்தப் பக்கத்தில் டோல் கட்டணத்தையும் கறிவேப்பிலை விலையையும் பற்றிப் புலம்புகிறவள். இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன் — காபியோடு உட்கார்ந்து படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அந்தப் பின்னறையில் எனக்கு என்ன வேலை?

பையன் யுனிவர்சிட்டி ஹாஸ்டலுக்குப் போனதும் சனி ஞாயிறுகள் திடீரென்று நீளமாகிவிட்டன. ஆபீஸில் ஒருவர் சொன்னார்: ஒரு சின்னக் குழு இருக்கிறது, எல்லாரும் வாலன்டியர்கள், அவர்கள் வெப்சைட் அடிக்கடி படுத்துவிடுகிறது, போய்ப் பார்க்கிறீர்களா? ஐ.டி.யில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சரி என்று கெல்லிவில்லில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு போனேன்.

குழுவின் வேலை இதுதான். இங்கிலாந்தில் கேமரா என்ற பொருளே புதிதாக வந்த காலத்தில் எடுத்த படங்கள் இருக்கின்றன இல்லையா... காகிதத்தில், கண்ணாடியில், வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டில். அங்கிருந்து கப்பலேறி இங்கே குடியேறியவர்கள் அவற்றைத் துணிமணிக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். இப்போது அந்த வீடுகளைக் காலி செய்கிற பேரன் பேத்திகளுக்குப் படத்தில் இருப்பது யார் என்று தெரியாது. வேண்டாத சாமான்களை அள்ளக் கவுன்சில் லாரி வருகிற நாளில் பழைய மெத்தையோடு நடைபாதையில் வைத்துவிடுகிறார்கள். அப்படிப் போகிற படங்களைத் தேடிப் பிடித்து, பத்திரப்படுத்தி, திருத்தமாகப் படமெடுத்து, தெரிந்த விவரத்தை எழுதி, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கும்படி வெப்சைட்டில் ஏற்றுகிறோம். காப்பாற்றுவது ஒரு வேலை, பகிர்வது இன்னொரு வேலை.

"யாரோ வெள்ளைக்காரங்க வீட்டுப் படத்தை நீ ஏன்டி காப்பாத்தணும்?" என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனாலும் போய்க்கொண்டிருந்தேன்.

குழுவை நடத்துகிறவள் ஃபியோனா. வட இங்கிலாந்துக்காரி, என் வயதுதான். ஹை ஸ்கூலில் கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்தவள். குட்மார்னிங் சொல்ல மாட்டாள். டீ கப்போடு அந்த அறைக்குள் நுழைந்தால் பார்வையாலேயே வெளியே தள்ளுவாள்.

படமெடுக்கிற வேலை தர்ஷினிக்கு. யாழ்ப்பாணத்துப் பெண். நாற்பதை நெருங்குகிற வயது. ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற ரேடியோகிராபர். எங்கள் ஹாலுக்குப் பக்கத்தில்தான் ஃபிளாட். கணவன் கஜன் ரயில் சிக்னல் வேலையில் இருக்கிறான் என்றும், பிள்ளைகள் இல்லை என்றும் அவளே ஒருமுறை சொன்னாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஒரு தமிழச்சியாக, அந்த அடுத்த கேள்வியைக் கேட்காமல் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

மெல்பர்னிலிருந்து ஒரு பார்சல் வந்திருந்தது. ஸ்பிரிங்வேலில் ஒரு பழைய சாமான் கடையில், உடைந்த நகைப் பெட்டிகளுக்கு அடியில் கிடந்தது என்று யாரோ ஒரு புண்ணியவான் வாங்கி அனுப்பியிருந்தார். உள்ளங்கை அளவு தோல் உறை. சின்னக் கொக்கி. திறந்தால் ஒரு பக்கம் சிவப்பு வெல்வெட், மறுபக்கம் கண்ணாடிக்கு அடியில் அந்த வெள்ளித் தகடு.

இந்தத் தகடுகளை நேராகப் பார்த்தால் படம் தெரியாது. கண்ணாடி மாதிரி நம் முகம்தான் தெரியும். கொஞ்சம் சாய்த்தால் நம் முகம் போய் உள்ளே இருக்கிறவர்கள் வருவார்கள்.

தர்ஷினி சாய்த்தாள். ஒரு இளம் பெண், கறுப்பு உடை. மடியில் ஒரு வயசுக்கு உட்பட்ட குழந்தை, லேஸ் வைத்த வெள்ளைச் சட்டையோடு.

"நல்ல நித்திரை" என்றாள் தர்ஷினி.

ஃபியோனா தகட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தர்ஷினி சொன்னதற்குப் பதில் சொல்வது போலவே சொன்னாள்: "தாயின் முகத்தைப் பாருங்கள்."

தாயின் முகம் கலங்கியிருந்தது. ஈரத்துணியால் லேசாகத் துடைத்த மாதிரி. குழந்தையின் முகமோ இமை மயிர் தெரியும் அளவுக்குத் துல்லியம்.

அந்தக் காலத்து கேமராவுக்கு எதிரில் பல விநாடிகள் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். தாய் மூச்சு விட்டிருக்கிறாள். அழுதும் இருக்கலாம். அசைந்துவிட்டாள். குழந்தை அசையவில்லை.

"தூங்குற குழந்தைகூட அசையாதுதானே?" என்று நான் கேட்டேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஏனோ எனக்கு ஆசையாக இருந்தது.

ஃபியோனா குழந்தையின் கையைக் காட்டினாள். விரல்களுக்கு நடுவே ஒரு பூ. பூ விழாமலிருக்க, விரல்களோடு சேர்த்து மெல்லிய ரிப்பனால் கட்டியிருந்தார்கள்.

தூங்குகிற குழந்தையின் கையில் யாரும் பூவைக் கட்டி வைப்பதில்லை.

அங்கேதான் சண்டை ஆரம்பித்தது. வெப்சைட்டில் போட வேண்டாம் என்றார் குழுவில் ஒருவர். இது ஒரு தாயின் அந்தரங்கத் துக்கம், நூற்றைம்பது வருடத்துக்கு மேலானாலும் துக்கம் துக்கம்தான். பத்திரமாகப் பெட்டியில் வைப்போம், உலகத்துக்குக் காட்ட வேண்டாம்... நானும் அவர் பக்கம்தான். வேறொரு காரணமும் இருந்தது. மறுபடி அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஃபியோனா ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நாளைய ஸ்டூடியோக்கள் பெரும்பாலும் கட்டிடத்தின் உச்சியில்தான் இருக்கும் என்றாள். விளக்கு கிடையாது. கண்ணாடிக் கூரை வழியாக வருகிற வெயில்தான் வெளிச்சம். "அந்தப் பெண் இந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அத்தனை படியும் ஏறியிருக்கிறாள். உயிரோடு இருக்கும்போது படமெடுக்க முடியாமல் போயிருக்கும். இது ஒன்றுதான் இருந்திருக்கும் அவளிடம்."



"போடுங்கோ" என்றாள் தர்ஷினி.

ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்த கூட்டத்தில் அவள் தமிழில் சொன்னாள். சொன்னது தமிழ் என்று அவளே கவனித்ததாகத் தெரியவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அந்த அம்மா இதை ஒளிச்சு வைக்கிறதுக்கே எடுத்தவ? அப்பிடி எண்டால் ஏன் எடுக்க வேணும்? போடச் சொல்லுங்கோ அக்கா."

நான் மொழிபெயர்ப்பதற்குள் எழுந்து வெளியே போய்விட்டாள். படம் அடுத்த வாரம் வெப்சைட்டில் ஏறியது. நான்தான் ஏற்றினேன்.

ஆனால் அன்றைக்கு நான் அவள் பின்னாலேயே போனேன். தெருக்கோடியில் இருக்கிற தோசைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தேன். தோசை வந்தது. அவள் தொடவில்லை.

"அக்கா, என்னட்டையும் ஒரு படம் இருக்கு" என்றாள். "நான் இன்னும் பாக்கேல்லை."

பக்கத்து மேசையில் காலேஜ் பையன்கள் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதே சீரான குரலில் சொல்லிக்கொண்டு போனாள்.

"ஏழு வருசம் ஆச்சு. அப்ப வயித்தில எட்டு மாசம் முடிஞ்சிட்டுது. வேலையில நிண்டனான், திடீரெண்டு ரத்தம். பேந்து எனக்கு ஒண்டும் தெரியாது. ஐ.சி.யூ.வில கன நாள் கிடந்தனானாம். கண் முழிச்சுப் பாக்கேக்க வயிறு தட்டையாக் கிடந்தது."

நான் அவள் கையைப் பிடித்தேன். பிடித்தது அவளுக்குத் தெரிந்த மாதிரி இல்லை.

"பிள்ளை உயிரோட பிறக்கேல்லை. நான் முழிக்கிறதுக்கு முந்தியே கஜன் எல்லாம் செய்து முடிச்சிட்டார். எரிச்சாச்சு. நேர்ஸ் சொன்னவவாம், பொறுங்கோ, அம்மா முழிக்கட்டும், ஒருக்கா பாக்கட்டும் எண்டு. அவர் கேக்கேல்லை. சொந்தக்காரர் எல்லாரும் போனில சொன்னவை — அவளுக்குக் காட்டாதேங்கோ, தாங்க மாட்டாள்."

தோசைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"தாங்குவனோ எண்டு என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை."

டிஸ்சார்ஜ் ஆகிற அன்றைக்கு ஆஸ்பத்திரியின் சோஷியல் ஒர்க்கர் ஒருத்தி தர்ஷினியின் கையில் ஒரு சின்ன உறையை வைத்திருக்கிறாள். உள்ளே ஒரு யூ.எஸ்.பி. இப்படிப் பிறக்கிற குழந்தைகளைப் படமெடுத்துக் கொடுக்க இங்கே வாலன்டியர்கள் இருக்கிறார்கள். அப்படி எடுத்த படங்கள். எப்போது பார்க்கலாம் என்று உனக்குத் தோன்றுகிறதோ அப்போது பார், அவசரம் இல்லை, என்று சொல்லியிருக்கிறாள்.

"கஜனுக்குத் தெரியாது. வேலையில என்ர லொக்கருக்குள்ள கிடக்கு. ஒவ்வொரு நாளும் உடுப்பு மாத்தேக்க அந்த உறையைக் காணுவன். நாளைக்குப் பாப்பம், நாளைக்குப் பாப்பம் எண்டு..." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு அவளின்ர முகம் தெரியாது அக்கா."

கஜனும் அவளும் இதைப் பற்றிப் பேசியதே இல்லையாம். ஒரே ஃபிளாட்டில் ஏழு வருடம். சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், லீவு எடுத்துக்கொண்டு ஊருக்குக்கூடப் போய் வந்தார்கள். இதை மட்டும் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் அந்த உறையைக் கொண்டுவந்தாள். மற்றவர்கள் போகிற வரைக்கும் காத்திருந்தோம். நான், அவள், ஃபியோனா. ஃபியோனாவிடம் விஷயத்தைச் சொல்ல அவளே அனுமதி கொடுத்திருந்தாள்.

என் லேப்டாப்பில் யூ.எஸ்.பி.யைச் செருகினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். "திறந்ததும் சொல்லுங்கோ. நான் திரும்புறன்."

திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது.

இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும். செய்யட்டுமா?

கழற்றித் திரும்பச் செருகினேன். அதே கேள்வி. ஃபியோனாவின் லேப்டாப்பில் போட்டேன். அதே கேள்வி. இந்தத் தொழிலில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். இந்த வாசகத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், பார்த்துச் சலித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு விரலைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டேன். தவறி 'ஆமாம்' என்பதன் மேல் பட்டுவிட்டால்?

"அக்கா?" என்றாள் ஜன்னல் பக்கமிருந்து.

அவளிடம் எப்படிச் சொன்னேன், என்ன வார்த்தை சொன்னேன் என்று நினைவில்லை. அவள் அழவில்லை. "ஓம்... ஓம்" என்று மட்டும் சொன்னாள், யாரோ வழி சொல்லக் கேட்டுக்கொள்கிற மாதிரி. பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இந்த யூ.எஸ்.பி. குச்சிகளைக் கரண்ட் காட்டாமல் பல வருடம் சும்மா போட்டு வைத்தால் உள்ளே இருப்பது மெல்ல மெல்ல அழிந்துபோகலாம். என் தொழிலில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வெளியே சொல்வதில்லை. அதே அறையில், அலமாரியில், கடல் தாண்டி வந்து, பரணில் கிடந்து, பழைய சாமான் கடையில் உருண்ட அந்த வெள்ளித் தகடு இருந்தது. இமை மயிர்கூடப் போகவில்லை.

நீங்கள் ஒரு நிமிஷம் உங்கள் போனைப் பாருங்கள். எத்தனை ஆயிரம் படம் வைத்திருக்கிறீர்கள்? அதில் எத்தனை காகிதத்தில் இருக்கிறது? என்னிடம் கேட்காதீர்கள். என் மகன் பிறந்த அன்று எடுத்த படம் எந்த ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது என்று நான் இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தர்ஷினி ஆஸ்பத்திரியில் கேட்டாள். படங்கள் குடும்பத்துக்கே சொந்தம், பிரதி வைத்துக்கொள்வதில்லை என்றார்கள். அன்போடுதான் சொன்னார்களாம். படமெடுத்த வாலன்டியர், ஒரு வருடம் வரைக்கும் வைத்திருந்துவிட்டு அழித்துவிடுவது வழக்கம் என்றார். அந்த விவரம் உறைக்குள் ஒரு சீட்டில் அச்சடித்தே இருந்தது. உறையைத் திறந்திருந்தால்தானே படித்திருப்பாள்?

கெட்டுப்போன டிஸ்க்குகளிலிருந்து தகவல் எடுத்துத் தருகிற கடை ஒன்றில் கொடுத்தோம். சில வாரம் கழித்து அந்த ஆள் போன் செய்தார். பல ஃபைல்கள் இருந்த தடயம் தெரிகிறது, ஒன்றுதான் திறக்கிறது, அதுவும் முழுசாக இல்லை.

மறுபடியும் அதே பின்னறை. "நீங்கள் முதல்ல பாருங்கோ" என்றாள். நான் மாட்டேன் என்றேன். முதலில் பார்க்க வேண்டியவள் அவள் அல்லவா? திரையை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பட்டனை அழுத்தச் சொன்னேன்.

அவள் முகத்தைத்தான் நான் முதலில் பார்த்தேன். பிறகுதான் படத்தை.

கம்பளியில் பின்னிய வெள்ளைக் குல்லாய். அதன் கீழ் நெற்றியில் ஒட்டிய கறுத்த முடி. அகலமான நெற்றி. புருவம் என்று சொல்ல முடியாத இரண்டு மெல்லிய கோடு. மூடிய கண்கள். சின்ன மூக்கு...

அவ்வளவுதான். மூக்குக்குக் கீழே சாம்பல் நிறம். ஒரே சீரான, வெறுமையான சாம்பல், படத்தின் அடி வரைக்கும். கிடைத்த ஃபைல் அந்த இடத்தில் அறுந்துவிட்டது.

தர்ஷினி திரைக்குக் கிட்ட போனாள். இன்னும் கிட்ட. சாம்பல் பகுதியின் மேல் விரலை வைத்தாள்.

"வாய் எங்க அக்கா?"

ஃபைல் பாதிதான் கிடைத்தது, மீதி போய்விட்டது என்று சொன்னேன்.

"ஓம், விளங்குது. ஆனால் வாய்... வாய் எங்க?"

ஃபியோனா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இதை இனிமேல் இந்த மெஷினை நம்பி விடக் கூடாது என்றாள். பிரின்ட் எடுக்கலாம். கடையில் எடுக்கிற பிரின்ட் இல்லை. இங்கிலாந்தில் ஆதியிலே செய்த முறையில் — காகிதத்தில் உப்புத் தண்ணீர் தடவி, காய்ந்ததும் வெள்ளி உப்புக் கரைசல் பூசி, நெகட்டிவை மேலே வைத்து வெயிலில் காட்டுவது. அவள் அதைப் பல வருடமாகச் செய்து பழகியவள். "என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்" என்றாள். வருத்தம் என்றோ பாவம் என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"கஜனுக்குச் சொல்லணும் தர்ஷினி" என்றேன் நான்.

"சொல்லத்தான் வேணும்" என்றாள்.

சொன்னாள். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்பது எனக்கு முழுசாகத் தெரியாது. கொஞ்ச நாள் அவன் ஃபிளாட்டின் முன்னறையில் படுத்துக்கொண்டான் என்று மட்டும் சொன்னாள். ஏழு வருடம் ஒளித்து வைத்தாயா என்று அவன் கேட்டானாம். நீ யாரைக் கேட்டு எரித்தாய் என்று இவள் கேட்டாளாம்.

வெயில் வேண்டும் என்பதால் கெல்லிவில்லில் எங்கள் வீட்டுக் கொல்லையில்தான் செய்வதாக ஏற்பாடு. குளிர்காலத்து வெயில் நன்றாக இருந்த ஒரு ஞாயிறு முற்பகல். ஃபியோனா இரண்டு பெட்டி நிறையச் சாமானோடு வந்து துணி துவைக்கிற என் லாண்ட்ரி அறையைப் பிடித்துக்கொண்டாள். என் கணவர், கேள்வி கேட்டவர், ஒன்றும் கேட்காமல் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிக் கொடுத்தார்.

தர்ஷினியைக் கஜன்தான் காரில் கொண்டுவந்து விட்டான். இறங்கவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன்.

"இல்லை அக்கா. நான் இங்கை இருக்கிறன். நீங்கள் செய்யுங்கோ." ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். வண்டி ஓடுகிற மாதிரி.

துணி உலர்த்தும் கம்பிக்குப் பக்கத்தில் மடக்கு மேசை போட்டு, மருந்து பூசிய காகிதத்தையும் கம்ப்யூட்டர் படத்திலிருந்து எடுத்த நெகட்டிவையும் மரச்சட்டத்தில் பொருத்தி வெயிலில் வைத்தாள் ஃபியோனா. சாம்பல் பகுதி அச்சாகாதபடி கறுப்புக் காகிதத்தால் மறைத்திருந்தாள். இந்த முறையில் காத்திருந்துதான் ஆக வேண்டும். அவ்வப்போது சட்டத்தின் பின்பக்கத்தைக் கொஞ்சம் திறந்து, நிழலில் பிடித்துப் பார்ப்பாள். முதலில் முடி வந்தது. பழுப்பாக. பிறகு குல்லாயின் பின்னல். பிறகு கண் இருக்கிற இடத்தில் ஒரு நிழல்.

தர்ஷினி மேசையை விட்டு நகரவில்லை.

கொல்லைக் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. கஜன். வந்தவன் புல்லில் பாதி தூரத்தில் நின்றான். ஃபியோனா அவனைப் பார்த்தாள், சட்டத்தின் பின்பக்கத்தைத் திறந்து அவன் பக்கம் காட்டினாள்.

அவன் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். அவன் ஏற்கெனவே பார்த்த முகம் அல்லவா அது? அந்த மூன்று பேரில் — அப்பா, அம்மா, பிள்ளை — அதை நேரில் பார்த்தது அவன் ஒருவன்தான்.

"நான் தூக்கினனான்" என்றான்.

தர்ஷினி திரும்பவில்லை.

"நேர்ஸ் கையில தந்தவ. துவாயில சுத்தி. பாரமா இருந்தவள். நான் நினைக்கேல்லை அவ்வளவு பாரமா இருப்பாள் எண்டு." அவன் கண் படத்தின் வெறுமையான கீழ்ப் பாதிக்குப் போனது. "வாய் உன்ர வாய். நீ நித்திரையில கொஞ்சமாத் திறந்து வைச்சிருப்பாய் எல்லோ... அப்பிடித்தான். கீழ்ச் சொண்டு சின்னன். நாடியில ஒரு குழி. வலப் பக்கம் கன்னத்தில சிவப்பா ஒரு அடையாளம், ஒரு சதக் காசை விடச் சின்னன்..."

ஏழு வருடம் பூட்டி வைத்ததை அவன் நின்ற இடத்திலேயே கொட்டினான். காது மடல் எப்படி மடங்கியிருந்தது. விரல் நகம் எவ்வளவு நீளம். தர்ஷினி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சட்டத்துக்குள் அச்சாகாத பாதி அவள் மூடிய கண்ணுக்குள் அச்சாகிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

அவன் சொல்லி முடித்ததும் கண்ணைத் திறந்தாள்.

"ஏன் என்னை எழுப்பேல்லை?" என்றாள்.

"நீயும் போயிடுவாய் எண்டு நினைச்சன்."

"நான் இருந்தன் கஜன். நான் இருந்தனான் தானே."

அவன் புல்லில் குந்திவிட்டான். முகத்தை மூடிக்கொண்டு ஒரு ஆண் அழுகிற சத்தத்தை என் கொல்லையில் அன்றைக்குத்தான் கேட்டேன். அவள் அவனிடம் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கேட் திறந்து கிடக்கு, பூட்டிப் போட்டு வாங்கோ" என்றாள். அவன் எழுந்து போய்ப் பூட்டிவிட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

மன்னித்தாளா? தெரியாது. நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

"என்ன பேசிக்கொள்கிறார்கள்?" என்று ஃபியோனா என்னிடம் மெதுவாகக் கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்பது போல தலையை மட்டும் ஆட்டினேன். அவள் சட்டத்தை எடுத்துக்கொண்டு லாண்ட்ரிக்குள் போய்விட்டாள். கழுவி, மருந்தில் போட்டு நிலைப்படுத்தி, மறுபடி கழுவ வேண்டும். அதிகம் வெயில் பட்டால் முகம் இருண்டுவிடும்.

சாயங்காலத்துக்கு முன் காய்ந்தது. மேல் பாதியில் பழுப்பு நிறத்தில் அந்த முகம். கீழ்ப் பாதியில் வெறும் காகிதம்.

இது எவ்வளவு காலம் இருக்கும் என்று கஜன் ஆங்கிலத்தில் கேட்டான். இருட்டான பெட்டியில் வைத்தால் நம் எல்லாரையும் விட அதிக காலம் இருக்கும் என்றாள் ஃபியோனா. வெளிச்சத்தில் மாட்டினால் மங்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும்.

எங்கள் குழுவின் தீராத தலைவலி இதுதான். பழைய காகிதப் படங்களைக் காட்டினால் தேய்கிறது. காட்டாவிட்டால் யாருக்கும் இல்லை.

"இருட்டில வைக்க மாட்டன்" என்றாள் தர்ஷினி. "மங்கினால் மங்கட்டும்."

பழைய படம் ஒன்றை வெளிச்சத்தில் வைத்ததற்காக எத்தனையோ பேரைக் கடித்துக் குதறியவள் ஃபியோனா. அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அவர்கள் போன பிறகு, மிச்சமிருந்த வெயிலில், யாரும் கேட்காமலே இன்னொரு பிரின்ட் போட ஆரம்பித்தாள். அது இப்போது அவள் வீட்டில் ஒரு இருட்டுப் பெட்டியில் இருக்கிறது. முதலாவது, ஹோம்புஷ் ஃபிளாட்டில் சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறது. போன வாரம் போயிருந்தேன். ஓரங்கள் லேசாக வெளுக்கத் தொடங்கிவிட்டன. அதைப் பார்த்தபடிதான் சாப்பிட்டோம்.

எழுதலாமா என்று அன்றைக்குத்தான் கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எழுதுங்கோ" என்றாள் தர்ஷினி. "எங்கட பேர், ஃபியோனாவின்ர பேர், எல்லாத்தையும் மாத்துங்கோ. ஆனால் பிள்ளையின்ர பேரை மாத்த வேண்டாம். வயித்துக்குள்ள இருக்கேக்கையே வைச்ச பேர். வெளியில ஒருத்தரும் கூப்பிடேல்லை. வாசிக்கிற சனம் ஒருக்காச் சொல்லட்டும்."

சொன்னபடியே மாற்றிவிட்டேன். இதில் வருகிற பெயர்களில் ஒன்றே ஒன்றுதான் நிஜம்.

அவள் பெயர் ஆரபி.